ஓடிக்கொண்டே இருக்கும் விசுவாசிக்கு: அமர்ந்திருந்து பெலன் பெறுவது எப்படி?

நம் சபைகளில் ஒருவருக்கு ஆவிக்குரிய பெலன் இருக்கிறதா என்று அறிய, அவர் எத்தனை காரியங்களில் ஓடியாடுகிறார் என்றுதான் பார்க்கிறோம். விடியற்காலை ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம், பாடகர் குழு ஒத்திகை, ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், கன்வென்ஷன் பந்தல் வேலை என்று எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிறவரைப் பார்த்து சந்தோஷப்படுகிறோம். அதே ஆள் வீட்டுக்குப் போய் பைபிளைத் திறந்தால் கண் வரிகளின் மேல் ஓடுகிறதே தவிர ஒன்றும் உள்ளே இறங்குவதில்லை, முழங்காலிட்டால் நாளைய வேலைகள்தான் வரிசையாக வந்து நிற்கின்றன, பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டால்கூட எரிச்சல் வருகிறது என்பது வெளியே யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், இன்னும் ஒரு கூட்டத்துக்கு வாருங்கள் என்று சொல்லப் போவதில்லை. நிறுத்துங்கள் என்று சொல்லப் போகிறேன். எப்படி நிறுத்துவது என்பதுதான் மீதி எல்லாம்.

அதற்கு முன் ஒரு வசனம். "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்" என்று ஏசாயா 30:15 சொல்கிறது. இதை அழகான எழுத்தில் அச்சடித்து வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம், ஆனால் இது எந்த நேரத்தில் சொல்லப்பட்டது என்று யோசிப்பதில்லை. அசீரியப் படை ஊர் ஊராக விழுங்கிக்கொண்டு வந்த காலம் அது. பயந்துபோன யூதாவின் தலைவர்கள் கழுதைகள் மேலும் ஒட்டகங்கள் மேலும் பொக்கிஷங்களை ஏற்றி, வனாந்தரம் வழியாக எகிப்துக்கு அனுப்பி, எப்படியாவது குதிரைப்படை உதவி வாங்கிவிடலாம் என்று அலைந்தார்கள். அந்த அலைச்சலின் நடுவில்தான் கர்த்தர் இதைச் சொன்னார். அவர்களோ மாட்டோம், குதிரைமேல் ஏறி ஓடுவோம் என்றார்கள். அப்படியானால் ஓடுங்கள், உங்களைத் துரத்துகிறவர்களும் வேகமாகத்தான் வருவார்கள் என்றார். ஆகவே அமர்ந்திருப்பது என்பது பிரச்சனை இல்லாதவர்களுக்கு வாய்க்கும் ஒரு வசதி கிடையாது. பிரச்சனை வாசலில் நிற்கும்போது, என் கை ஓய்ந்தாலும் தேவனுடைய கை ஓயாது என்று நம்பி எடுக்கிற ஒரு முடிவு. கடன், நோய், பிள்ளைகளின் படிப்பு, வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லாம் தீர்ந்த பிறகு ஓய்ந்திருக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது.

முதலில் தூங்குங்கள்

ஆவிக்குரிய கட்டுரையில் தூக்கத்தைப் பற்றி ஏன் என்று கேட்கலாம். தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கிய பெரிய வெற்றி, அது முடிந்த கையோடு ராணி யேசபேலின் மிரட்டல், உடனே உயிர் தப்ப ஓட்டம். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். இந்த மனிதனுக்குத் தேவன் உடனே ஒரு பிரசங்கம் பண்ணவில்லை, விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றார். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அமர்ந்த மெல்லிய சத்தம், அடுத்த ஊழியத்துக்கான கட்டளை இவையெல்லாம் அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். (1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோட்டத்தோடு ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள், வரிசை எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.)

ஆகையால் வறண்டுபோயிருக்கிறீர்கள் என்றால் முதல் இரண்டு வாரங்களுக்குப் புதிதாக எந்த ஆவிக்குரிய பயிற்சியையும் ஆரம்பிக்காதீர்கள். இப்போது படுப்பதைவிட ஒரு மணி நேரம் முன்னால் படுங்கள், அவ்வளவுதான். போனைப் படுக்கையறைக்கு வெளியே, ஹாலில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்கு மேல் சபை வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற ஜெபக்குறிப்பைக் காலையில் பார்த்தால் தேவன் தாமதமாகிவிட மாட்டார். உண்மையான அவசரம் என்றால் போன் மணி அடிக்கும்.

முழு இரவு ஜெபத்துக்குப் போகிற பழக்கம் உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை, இயேசுவும் இராமுழுவதும் ஜெபம் பண்ணியிருக்கிறார். ஆனால் வெள்ளி இரவு விழித்திருந்துவிட்டு சனிக்கிழமை காலையே வீட்டு வேலை, மதியம் கடைக்கு, மாலை ஒத்திகை, ஞாயிறு அதிகாலை எழுந்து ஆராதனை என்று போனால் உடம்பு தன் கணக்கை எப்படியும் கேட்டு வாங்கிக்கொள்ளும். விழித்திருக்கத் திட்டமிடும்போதே மறுநாள் தூங்கவும் திட்டமிடுங்கள், வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள்.

படுக்கும்போது செய்ய ஒரு சின்ன காரியம் இருக்கிறது. இன்று முடியாமல் போனவற்றைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக ஒப்புக்கொடுங்கள். "ஆண்டவரே, வங்கிக் கடன் விஷயம் இன்னும் முடியவில்லை, உம்மிடம் வைக்கிறேன். அம்மாவுடைய ஸ்கேன் ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும், உம்மிடம் வைக்கிறேன்." பொதுவாக "எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் தூக்கத்தைக் கெடுப்பது பொதுவான கவலை இல்லை, பெயருள்ள கவலைதான். பிறகு "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்ற நான்காம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் நாள் சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது, "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று. அந்தக் கணக்கில் மனிதன் தன் நாளைத் தூக்கத்தில் ஆரம்பிக்கிறான், அவன் எழுந்திருக்கும் முன்பே தேவன் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தினமும் பத்து நிமிடம், எதுவும் கேட்காமல்

தூக்கம் கொஞ்சம் சீரான பிறகு இதற்கு வாருங்கள். வேத வாசிப்பும் விண்ணப்ப ஜெபமும் இருக்கட்டும், அவற்றைத் தொட வேண்டாம். இது தனி.

இடம் முதல் பிரச்சனை. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும் குடும்பத்தில் தனி ஜெப அறைக்கு எங்கே போவது? மொட்டை மாடி, நிறுத்தி வைத்த வண்டியின் மேல், ஆலயத்தில் ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்னால் காலியாக இருக்கும் பெஞ்சு, அலுவலகத்தில் மதிய இடைவேளையில் யாரும் போகாத மாடிப்படி, எதுவானாலும் சரி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர், ஜெபிக்க வேண்டும் என்றால் சமையலறை ஏப்ரனைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொள்வார், அம்மா அப்படி இருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்று சொல்வார்கள். முந்தானைக்கும் அந்த வேலை தெரியும். ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் சில வாரங்களில் வீட்டில் உள்ளவர்களும் பழகிவிடுவார்கள்.

உட்காருங்கள். நாற்காலியானாலும் பாயானாலும் சரி, முதுகு நிமிர்ந்திருக்கட்டும். ஒரே ஒரு வசனம் எடுத்துக்கொள்ளுங்கள், சிறியதாக. ஆரம்பத்துக்கு சங்கீதம் 62:1 மிகவும் பொருத்தம்: "தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது." மெதுவாக ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். மனம் ஓடும், நிச்சயமாக ஓடும். கேஸ் புக் பண்ணவில்லையே, அவர் ஏன் அப்படிச் சொன்னார், மழை வருமா. ஓடியதைக் கவனித்த உடனே உங்களைத் திட்டிக்கொள்ளாமல் அதே வசனத்தை மறுபடி ஒருமுறை சொல்லித் திரும்பி வாருங்கள். பத்து நிமிடத்தில் முப்பது முறை திரும்பி வர வேண்டியிருந்தால் முப்பது முறையும் தேவனிடம்தான் திரும்பியிருக்கிறீர்கள், அதில் தோல்வி எங்கே இருக்கிறது? பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டால், மறந்துவிடுவோமோ என்று உறுத்துகிற வேலையை ஒரு வார்த்தையில் எழுதிவிட்டு விட்டுவிடலாம். போனில் குறிக்காதீர்கள், போனை எடுத்தால் கதை முடிந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் எதையும் கேட்காதீர்கள் என்பதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கும். கேட்பது தப்பு என்று இல்லை, கேட்பதற்கு வேறு நேரம் இருக்கிறது. சங்கீதம் 131-இல் தாவீது "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" தன் ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்கிறார். பால் குடிக்கிற குழந்தை தாயின் மடிக்கு வந்த உடனே பாலைத் தேடி அழும். பால் மறந்த குழந்தை மடியில் சும்மா சாய்ந்திருக்கும், அதற்குத் தாய் போதும். இந்தப் பத்து நிமிடம் அப்படிச் சாய்ந்திருக்கிற நேரம்.

சிலருக்கு ஒரு பயம் உண்டு, இப்படிக் கண்ணை மூடி உட்காருவது நம்முடைய வழி இல்லையே, மனதைக் காலியாக்கினால் வேறு ஏதாவது உள்ளே வந்துவிடுமோ என்று. அந்தப் பயத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இங்கே நாம் மனதைக் காலியாக்கவில்லை, ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், அவருடைய வார்த்தை கையில் இருக்கிறது. சங்கீதப் புத்தகத்தின் முதல் சங்கீதமே கர்த்தருடைய வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷனைப் பற்றித்தான். எகிப்தின் வனாந்தரத்தில் அந்தோனியார் போன்ற துறவிகள் நான்காம் நூற்றாண்டிலேயே ஒரு வசனத்தை நாள் முழுவதும் வாயிலும் மனதிலும் வைத்திருந்தார்கள். கிழக்குத் திருச்சபைகளில் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற ஜெபத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பிரான்சில் 1940-இல் சகோதரர் ரோஜர் தொடங்கிய தேசே என்ற துறவியர் சமூகத்தில், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடும் ஆராதனையின் நடுவில் பல நிமிடங்கள் யாரும் பேசாமல் பாடாமல் இருப்பார்கள். இது நம்முடைய சொத்துதான், நாம்தான் பரணில் போட்டுவிட்டோம்.

தூக்கம் வந்தால்? தூங்கிவிடுங்கள், உங்களுக்கு இன்னும் ஓய்வு தேவைப்படுகிறது. அழுகை வந்தால் அழுங்கள், நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே அடங்கிக் கிடந்ததெல்லாம் நின்றவுடன்தான் மேலே வரும், அது கெட்ட அறிகுறி இல்லை. ஒன்றுமே நடக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று விட்டுவிட்டு நாளைக்கு மறுபடி உட்காருங்கள். உணர்ச்சியை வைத்து அளக்காதீர்கள். மாற்றம் தெரிவது உட்காரும் நேரத்தில் இருக்காது, மாலையில் டிராபிக்கில், மாமியாரோடு பேசும்போது, ஆபீசில் ஒரு மெயில் வரும்போது தெரியும்.

இடையில் யாராவது வந்து கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இயேசுவிடமே பதில் இருக்கிறது. சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்த சீஷர்களை "வனாந்தரமான ஓரிடத்தில் தனித்து சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று படகில் கூட்டிக்கொண்டு போனார். கரையில் இறங்கினால் ஜனங்கள் கால்நடையாக முன்னாடியே ஓடிவந்து நிற்கிறார்கள். அவர் எரிச்சல்படவில்லை, மனதுருகினார், போதித்தார், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சீஷர்களைப் படகில் அனுப்பி, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, தனியாக மலைக்கு ஏறிப்போய் ஜெபம் பண்ணினார் (மாற்கு 6). ஓய்வு தள்ளிப்போனது, கைவிடப்படவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்கள் இதை விசேஷமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: காலை போனால் மாலை, மாலையும் போனால் குழந்தை தூங்கிய பிறகு ஐந்து நிமிடம்.

வாரத்தில் ஒரு நாள், ஆனால் யாருக்கு?

இதுதான் எனக்கு மனதில் பெரிய பாரமாக இருக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் கிறிஸ்தவ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது? ஆராதனைக்குக் கிளம்புமுன் மதியச் சாப்பாடு பாதி தயாராகிவிட வேண்டும் என்று பெண்கள் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறார்கள். கறி வாங்கி வர வேண்டியது ஆண்கள் வேலை, அதோடு முடிந்தது. தேங்காய் அரைத்து, வெங்காயம் உரித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, தானும் சேலை கட்டி ஓடிவந்து ஆலயத்தில் உட்கார்ந்தால் முதல் பாட்டு முடிந்திருக்கும். திரும்பி வந்ததும் பிரியாணி, விருந்தாளிகள், பாத்திரம். மூன்று மணிக்கு வீட்டில் எல்லாரும் படுத்திருக்க அவர்கள் மட்டும் அடுப்படியில். ஓய்வுநாள் என்று நாம் சொல்வது உண்மையில் வீட்டில் பாதிப் பேருக்கு வாரத்தின் மிகக் கடினமான நாள்.

உபாகமம் 5:14-ஐ எடுத்து வாசியுங்கள். ஓய்வுநாள் கட்டளையில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் இருக்கிற அந்நியன் வரை வரிசையாகச் சொல்லி, "உன்னைப்போல" அவர்களும் இளைப்பாற வேண்டும் என்கிறது. அடுத்த வசனம் காரணம் சொல்கிறது: எகிப்திலே நீ அடிமையாயிருந்தாய். செங்கல் கணக்கு குறையாமல் கொடுக்க வேண்டிய, லீவே இல்லாத அடிமை வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் தங்கள் வீட்டுக்குள் இன்னொரு எகிப்தை உண்டாக்கக்கூடாது. ஒருவர் ஓய்வு இன்னொருவர் முதுகின் மேல் நடந்தால் அது வேதம் சொல்லும் ஓய்வு இல்லை.

சரி, எப்படி மாற்றுவது? சனிக்கிழமையில்தான் ஆரம்பிக்க வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த ஆகாரமான மன்னா ஆறாம் நாளில் இரண்டு மடங்கு கிடைத்தது, சுட வேண்டியதைச் சுட்டு வேவிக்க வேண்டியதை வேவித்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதே போல சனிக்கிழமை மாலைக்குள் ஒரு குழம்பு வைத்துவிடுங்கள், மீன் குழம்பு என்றால் மறுநாள்தான் ருசியே. ஞாயிறு சோறு மட்டும் வடித்தால் போதும், அல்லது தயிர்சாதமும் ஊறுகாயும். பிரியாணி வேண்டும் என்றால் அதை சனிக்கிழமை இரவுக்கு மாற்றுங்கள், அல்லது வீட்டு ஆண்கள் ஆக்கட்டும், பாத்திரமும் அவர்களே கழுவட்டும். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு அன்றைக்குச் சம்பளம் பிடிக்காமல் விடுமுறை கொடுங்கள். துணி துவைப்பது, பில் கட்டுவது, ஆன்லைனில் பொருள் வாங்குவது எல்லாம் சனிக்கிழமையோடு நிற்கட்டும். ஏழாம் நாளிலும் மன்னா பொறுக்கலாம் என்று சிலர் வெளியே போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை என்று யாத்திராகமம் 16 சொல்கிறது. நமக்கு ஏழாம் நாளும் கடை திறந்திருக்கிறது, அதனால் நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

ஆராதனை முடிந்த பிறகு என்ன செய்வது? உங்களை நன்றியுள்ளவராக ஆக்குகிற எதையும் செய்யலாம். குட்டித் தூக்கம், பிள்ளைகளோடு கடற்கரையோ வயல் வரப்போ ஒரு நடை, வயதானவர் ஒருவரைப் போய்ப் பார்ப்பது, பழைய கீர்த்தனை ஒன்றை வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து பாடுவது. டிவியும் ரீல்ஸும் ஓய்வு மாதிரித் தெரியும், மூன்று மணி நேரம் கழித்து எழுந்து பாருங்கள், உட்கார்ந்தபோது இருந்ததைவிடச் சோர்வாகத்தான் இருப்பீர்கள். இன்னொன்று, இதைச் சட்டமாக்கி மற்றவர்களை அளக்கத் தொடங்கிவிடாதீர்கள். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று ஆண்டவர் சொன்னது அப்படி அளந்துகொண்டிருந்தவர்களிடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறவர்கள் குற்ற உணர்ச்சியோடு இதை வாசிக்க வேண்டாம். நர்ஸ்கள், பஸ் ஓட்டுநர்கள், ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், இரவு ஷிப்ட் ஐடி ஊழியர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன், ஆதித் திருச்சபைக்கு ஞாயிறு விடுமுறையே கிடையாது. கி.பி. 112 வாக்கில் ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன்னே கூடி கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்கிறார். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள், பாடிவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியது 321-இல்தான், அதிலும் விவசாயிகளுக்கு விலக்கு. எனவே உங்கள் வாராந்திர லீவு செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாயை ஓய்வுநாளாக வையுங்கள், அல்லது ஒரு மாலை தொடங்கி அடுத்த மாலை வரை என்று இருபத்துநான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கச் சுதந்திரம் இருக்கிறவர்கள் எரிக் லிடலை நினைத்துக்கொள்ளுங்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் தன்னுடைய சிறந்த பந்தயத்தையே விட்டுவிட்டார், வேறு நாளில் நடந்த 400 மீட்டரை 47.6 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். தங்கம் கிடைக்காமல் போயிருந்தாலும் அவர் எடுத்த முடிவு சரியானதுதான்.

போதகர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஞாயிறு வேலை நாள், அதில் சந்தேகமே வேண்டாம். திங்கட்கிழமையை ஓய்வாக அறிவியுங்கள், ஆராதனையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சபையார் அன்றைக்கு வீட்டுப் பிரதிஷ்டை, பிறந்தநாள் ஜெபம் என்று கூப்பிடாதீர்கள், மரணம், விபத்து தவிர. கமிட்டி மீட்டிங்கை ஆராதனை முடிந்த உடனே மதியம் இரண்டு மணி வரை வைக்கிற சபைகள் அதை வாரநாள் மாலைக்கு மாற்றினால் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் ஓய்வுநாள் மீண்டுவிடும்.

வியாதியால் உட்காரவைக்கப்பட்டவர்களுக்கு

தாங்களாகத் தேர்ந்தெடுக்காத ஓய்வு சிலர் மேல் வந்து விழுகிறது. பக்கவாதம், முதுகெலும்பு அறுவை சிகிச்சை, டயாலிசிஸ். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை, ஆபத்திலிருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக ஓடியாடிக்கொண்டிருந்தார். 1931-இல் களக்காட்டில் புதிதாக வெட்டியிருந்த ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடங்கள் பெரும்பாலும் தன் அறையிலேயேதான். வலியும் தூக்கமின்மையும் கூடவே இருந்தன. அந்த அறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களும் புத்தகங்களும்தான் டோனாவூரைத் தாண்டி எத்தனையோ நாடுகளில் படுக்கையில் கிடந்தவர்களைத் தாங்கின. இதைச் சொல்வது நீங்களும் படுக்கையிலிருந்து ஏதாவது சாதித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக இல்லை. செயல்பட முடியாத நாட்களிலும் தேவனுக்கு முன் உங்கள் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை என்பதற்காக. உட்காரக்கூட முடியாவிட்டால் படுத்தபடியே அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வசனத்தை வேறு யாராவது வாசித்துக் காட்டட்டும்.

ஓய்வு எடுத்தும், தூங்கியும், வாரக்கணக்கில் மனம் கனத்தே கிடக்கிறது, எதிலும் ஆசை இல்லை, எலியாவைப் போல சாவைக் கேட்கத் தோன்றுகிறது என்றால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை, எலியாவுக்கும் முதலில் கிடைத்தது அடையும் தண்ணீரும்தான்.

வருடத்தில் ஒருமுறை விலகிப் போவது

இது கடைசி, முந்தினவை பழகிய பிறகு. கத்தோலிக்கச் சபையில் தியான இல்லங்கள் பல ஊர்களில் இருக்கின்றன, மற்ற சபையாரையும் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போகலாம். சீர்திருத்தச் சபை வழியில் வந்தவர்களுக்கு திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. பெரியண்ணன், சின்னண்ணன் என்று மக்கள் அழைத்த இரண்டு மருத்துவர்கள், தமிழரான ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான பேட்டனும், 1921-இல் தொடங்கியது. ஏழைகளுக்கு வைத்தியமும் ஜெபமும் ஒரே வளாகத்தில் நடந்த இடம் அது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் 1950-இல் உருவான கத்தோலிக்க ஆசிரமமான சாந்திவனம் இன்னொன்று, அங்கே காலையிலும் மாலையிலும் மௌன தியானத்துக்கென்றே நேரம் உண்டு. அங்குள்ள வழிபாட்டு முறையில் இந்திய மரபின் சாயல் அதிகம், அது எல்லாருக்கும் ஒத்துவராது, தெரிந்துகொண்டு போங்கள்.

தூரமாகப் போக முடியாவிட்டால் உங்கள் ஊர் ஆலயத்திலேயே ஒரு வாரநாள் முழுவதும் இருக்கலாம், ஆயரிடம் கேட்டால் சாவி கொடுப்பார். ஒரு பைபிள், ஒரு நோட்டு, தண்ணீர், மதியத்துக்கு எளிய சாப்பாடு. ஏழெட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போகாதீர்கள், வாசித்தே நாளை முடித்துவிடுவீர்கள். போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிட்டு, அவசரத்துக்கு ஆலயத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒரு நம்பர் எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டு மணி நேரம் சலிப்பாக இருக்கும், எழுந்து போய்விடலாமா என்று தோன்றும், அதைத் தாண்டி இருங்கள். நடக்க வேண்டும்போல் இருந்தால் வளாகத்தைச் சுற்றி நடங்கள். மாலையில் கிளம்புமுன், கப்பர்நகூமில் எல்லாரும் தேடிக்கொண்டிருந்தபோது இயேசு இருட்டோடே எழுந்து தனித்து ஜெபித்துவிட்டு, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று சொன்ன மாற்கு 1:35 முதல் 38 வரை வாசித்து, இந்த வருடம் நீங்கள் சுமக்கிற பொறுப்புகளை நோட்டில் எழுதிப் பாருங்கள். அதில் ஒன்றையாவது விட வேண்டும் என்று தோன்றினால் எதை, யாரிடம், எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பது என்று அங்கேயே எழுதி, வீட்டுக்குப் போனதும் மனைவியிடமோ கணவரிடமோ காட்டிவிடுங்கள்.